அலுமாரிக் கார் விற்பனைக்கு இல்லை

இந்த நினைவு மலரின் அட்டையில் அண்ணன் ஒரு காரின் பின்கதவில் சாய்ந்து நிற்கிறார். அந்தக் கதவில் ஒரு தொலைபேசி எண் எழுதியிருந்தது. அச்சகத்தில் சொல்லிப் படத்திலிருந்து அதை அழிக்க வைத்தோம். மாதிரி அட்டையைப் பார்த்த வேலு மாமா, "ஏம்மா டீச்சர், அந்த எடத்துல மட்டும் கதவுக்குத் தேமல் விழுந்த மாதிரி இருக்கே" என்று கேட்டார். காரணம் இருக்கிறது. அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகின்ற இந்த நாளில், அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் நினைவு அந்த எண்ணில்தான் போய் நிற்கிறது. "நல்லதா மட்டும் எழுது சாந்தி" என்று அண்ணி சொன்னார். முயன்று பார்க்கிறேன். முடியாத இடங்களில் உறவுகளும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் வட்டகொடைக்கு மேலே எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவில், தொழிலாளர் வீட்டு வரிசையான ஒரு லயத்தின் கடைசிக் காம்பராவில் பிறந்தார். அப்பா தேயிலை ஸ்டோரில் இலை வாட்டும் மாடியில் வேலை பார்த்தார். அம்மா மலையில் கொழுந்து பறித்தார். அண்ணனுக்குப் பிறகு நான். எனக்குப் பிறகு பிறக்கவிருந்த குழந்தையோடு அம்மா போய்விட்டார். அன்றைக்கு வலி எடுத்தபோது தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றிக்கொண்டிருந்தது. கொழுந்தை ஸ்டோரில் இறக்கிவிட்டு வந்துதான் அம்மாவை ஏற்றினார்கள். விரித்த சாக்குகளின் மேல் அம்மா படுத்திருக்க, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் போனார். திரும்பி வந்தபோது அவர் சட்டையெல்லாம் பச்சைக் கறை. அதைப் பற்றி எங்களிடம் ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் கொழுந்து லொறி பக்கத்தில் வந்து நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடைசி வரை அப்படித்தான்.

படிப்பை அவர் விட்டார்; என்னை விடச் சொல்லவில்லை. நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றிப் போகும் லொறியில் கிளீனராகச் சேர்ந்து, பிறகு சாரதியானார். நான் ஆசிரியர் கலாசாலைக்குப் போன அன்று, ஒரு கரட் மூட்டையின் மேல் என் பெட்டியை வைத்துக் கட்டி, அந்த லொறியிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டார். வாசலில் நின்ற மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். "சிரிக்கட்டும். சந்தைக்குப் போற கரட்ட விட நீ பத்திரமா வந்து சேந்துட்ட" என்றார். கொட்டகலைப் பக்கத்திலிருந்து அண்ணியைக் கட்டி வந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் மகள் கீர்த்தனாவுக்கு அண்ணன் பெரிய மாமா. அந்த வீட்டில் பிள்ளை என்றால் அவள்தான்.

இனி அந்தக் கார்.

எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஐயா ஓய்வு பெற்றுப் போகும்போது வீட்டுக்குப் பின்னால் ஒரு காரை விட்டுவிட்டுப் போனார். பழைய மொரிஸ் மைனர்தான், ஆனால் எல்லோரும் பார்த்த மாதிரி அல்ல. முன்பாதி மற்ற மைனரைப் போலவே உருண்டை மூக்கும் உருண்டைக் கண்களுமாக இருக்கும். பின்பாதி மரச்சட்டம். பின்னால் இரண்டு கதவுகள், அலுமாரி போல இருபக்கமும் திறக்கும். இங்கிலாந்தில் செய்து அனுப்பியது; இலங்கையில் அந்த மாதிரி எத்தனை மிஞ்சியிருக்கிறதோ தெரியாது. அண்ணன் அதைப் பார்த்தபோது உள்ளே ஒரு சேவலும் ஏழெட்டுக் கோழிகளும் குடியிருந்தன. பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சேர்த்து வைத்ததையெல்லாம் கொடுத்து அண்ணன் அதை வாங்கி, இரண்டு மாடு கட்டி இழுத்துக்கொண்டு வந்தபோது லயமே கூடி நின்று சிரித்தது.

"மாப்ள, முட்டையோட சேத்தா வெல பேசுன?" என்று வேலு மாமா கேட்டார். அவர் எங்கள் அம்மாவின் தம்பி.

"கோழி எறங்குனதும் நீங்க ஏறுங்க மாமா. வாடையில வித்தியாசம் தெரியாது" என்றார் அண்ணன்.

ஆனால் மாமா உட்பட ஒருவரும் கவனிக்காத ஒன்றை அண்ணன் கவனித்திருந்தார். பின்சீட்டை மடித்தால் ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். கதவு இரண்டையும் திறந்தால், படுத்திருப்பவரை அசைக்காமல் மெத்தையோடு உள்ளே தள்ளலாம். அவர் வாங்கியது அதற்குத்தான்.

உளுத்துப்போன மரச்சட்டத்தைக் கழற்றிவிட்டு, தோட்டத்தில் புயலுக்குச் சாய்ந்த சவுக்கு மரத்தை அறுத்துப் போட்டார். கூரையின் உட்புறத்துக்குத் தேயிலைப் பெட்டிப் பலகை. அதில் குத்தியிருந்த தோட்ட முத்திரை, படுத்திருக்கும் நோயாளிக்கு நேர் மேலே தெரியும். என்ஜினை ஹற்றனில் கராஜ் வைத்திருக்கும், எல்லோரும் நானா என்று அழைக்கும் முஸ்லிம் பெரியவர் சரிசெய்து கொடுத்தார். பிறகு அண்ணன் பின்கதவில் தமிழிலும் சிங்களத்திலும் 'அவசரத்துக்கு' என்று எழுதி, அதன் கீழே தன் தொலைபேசி எண்ணைப் பெரிதாகப் போட்டார். லயங்களில் அதற்கு அலுமாரிக் கார் என்று பெயர் வந்தது.

அந்த அலுமாரிக்குள் பிறந்தவர்கள் இந்த மலரை வாங்குபவர்களில் இருப்பார்கள். குளவி கொட்டி மலையிலிருந்து தூக்கி வந்தவர்கள், பாம்பு தீண்டியவர்கள், சிறுத்தை பாய்ந்தவர் ஒருவர், குடிவெறியில் படியிலிருந்து விழுந்தவர்கள் எல்லோரும் அதில் போயிருக்கிறார்கள். வெறிகாரரை ஏற்ற மாட்டேன் என்று சத்தம் போட்டுக்கொண்டே ஏற்றுவார். கல்யாணத்துக்குக் கேட்டால் மட்டும் தரவே மாட்டார். "இப்ப நடந்து போங்க. பிரசவத்துக்குக் கூப்பிடுங்க, வாறேன்" என்பார். என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. பனி இறங்கும் மாதங்களில் அவள் நெஞ்சு சத்தம் போட ஆரம்பித்தால் என் கை தானாக அந்த எண்ணை அழுத்தும். அந்த எண் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நான் ஒரு தாயாக இந்த மலையில் குடியிருந்தேன்.

லொறி ஓட்டித் தம்புள்ளைக்குப் போகும் நாட்களில் என்ன செய்வது என்று யோசித்து, போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகத் தொடங்கினார்; அண்ணிக்கும் காரோட்டப் பழக்கினார். பந்து விளையாடும் மைதானத்தில் அண்ணி சேலையோடு ஓட்டிப் பழக, லயத்துப் பிள்ளைகள் பின்னால் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். அண்ணி முறையாக லைசென்சும் எடுத்தார். 

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுக்குப் போகும் கொழும்புக்காரர்களில் ஒருவர், தலவாக்கலை பெற்றோல் செட்டில் அந்தக் காரைப் படம் பிடித்தார். காணக் கிடைக்காத பழைய பிரித்தானியக் கார்களை வாங்குபவர்களும் விற்பவர்களும் கூடும் ஓர் இணையப் பக்கம் இருக்கிறதாம். அதில் போட்டுவிட்டார். பின்கதவும் எண்ணும் படத்தில் துலக்கமாகத் தெரிந்தன. அன்றிலிருந்து அழைப்புகள். கொழும்பு, நீர்கொழும்பு, கண்டி, ஒன்றிரண்டு வெளிநாட்டிலிருந்தும். அண்ணன் போனை அணைத்து வைக்கச் சம்மதிக்கவில்லை. எது எந்த லயத்திலிருந்து வரும் அழைப்போ தெரியாதே. அதனால் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். நான் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன்.

"அங்கிள், அந்த மரவேல ஒரிஜினலா?"

"ஒரிஜினல்தாங்க. எங்க தோட்டத்து மரம்."

"உள்ளுக்கு ஏதாவது குறை இருக்கா?"

"மழைக்காலத்துல கொஞ்சம் வாந்தி வாடை அடிக்கும்ங்க. மத்தபடி ஒன்னுமில்ல."

அப்போது சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

அழைத்தவர்களில் ஒருவர் நேரிலேயே வந்தார். பழைய கார்களைத் தேடிப் பிடித்து ரசிகர்களுக்கு விற்பவர். மரியாதையான தமிழ், வெள்ளைக் காற்சட்டை. சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய காந்தத்தை எடுத்துக் கைலேஞ்சித் துணியில் சுற்றி, காரின் உடம்பு முழுவதும் தடவிக்கொண்டு போனார். தகரம் இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும். பூச்சு வைத்து அடைத்த இடத்தில் ஒட்டாமல் விழும். மாட்டுக்குப் பல் பார்ப்பது போல அது அவர்கள் பார்க்கும் பரீட்சையாம். அண்ணன் விற்கமாட்டேன் என்றார். அவர் கோபிக்கவில்லை. பொனட்டைத் திறந்து பார்த்து, காபரேட்டர் அசல் என்று பூரித்துப் போனார். பெற்றோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம் அது. அது இல்லாமல் கார் இல்லை. அந்த நாட்களில் கார் ஏற்றத்தில் கொஞ்சம் இருமிக்கொண்டிருந்தது.

"இத நான் கொழும்புக்குக் கொண்டுபோய் புதுசு மாதிரி ஆக்கிக் கொண்டுவந்து தாறன் அங்கிள். ஞாயிற்றுக்கிழமை இங்க இருப்பன். நீங்க விக்கிறதப் பத்தி யோசிக்கவே வேணாம். ஒரு பழைய காருக்கு நான் செய்ற மரியாத, அவ்வளவுதான்" என்றார்.

அண்ணன் கழற்றிக் கொடுத்தார்.

இதை வாசிக்கும் வெளியூர் உறவுகளுக்கு இது ஏமாளித்தனமாகத் தெரியலாம். எங்கள் லயத்தில் ஒரு பெரிய அண்டா இருக்கிறது. யாருடையது என்று இப்போது ஒருவருக்கும் தெரியாது. சாவு வீட்டுக்குப் போகும், சடங்கு வீட்டுக்குப் போகும், தேர்த் திருவிழாவுக்குப் போகும், திரும்பி வந்துவிடும். மழைத் தறப்பாளும் ஏணியும் அப்படித்தான். எடுத்தவரிடம் எப்போது தருவாய் என்று கேட்பது எங்களிடம் அவமரியாதை. அதிலும் நோயாளிக்கென்று இருக்கும் ஒரு பொருளை எடுத்துப் போனவர் திருப்பித் தராமல் இருப்பார் என்பது அண்ணனின் கற்பனைக்குள் வரவே வராத ஒன்று. கொழும்புக்காரரையும் அவர் லயத்து ஆளாகவே நினைத்தார். அவர் செய்த தவறு அதுதான். அந்தத் தவறுக்காக அவரை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, ஆள் வரவில்லை. அடுத்த ஞாயிறும் போனது. அழைத்தால், ஒரு சின்னச் சாமான் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்றார். ஹற்றன் நானா, "வேற காபரேட்டர் ஒண்டு போட்டுத் தாறன்" என்று சொன்னபோதும் அண்ணன், "ஞாயித்துக்கிழம வாறேன்னு வாக்குக் குடுத்திருக்காரு நானா" என்று தடுத்தார். கடைசியில் அந்த மனிதர் தானே அழைத்தார். அன்று நான் அங்கே இருந்தேன். அண்ணன் கைகள் ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"அங்கிள், இப்ப கார் ஓடாதுதானே? ஓடாத காருக்கு ஒரு நியாயமான விலைய யோசிச்சுச் சொல்லுங்க."

அண்ணனுக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. கொழுந்து லொறி பக்கத்தில் வந்து நின்றால் திருப்பிக்கொள்வாரே, அதே முகம்.

"தம்பி, அது ஓடாம நிக்கையில ஆளு செத்துரும் தம்பி" என்றார்.

மறுபக்கத்தில் மெல்லிய சிரிப்பு. "ஆட்டோ எல்லாம் இருக்குத்தானே அங்கிள்."

அடுத்த சில நாட்களில், வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்த ஒரு மழைக் காலையில், அண்ணனுக்கு நெஞ்சு வலித்தது. வேர்த்து ஊற்ற, கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அண்ணியிடம், "சாவி ஆணியில மாட்டியிருக்கு, எடு" என்று சொல்லியிருக்கிறார். அண்ணி ஆணி வரைக்கும் போய்விட்டார். கையைத் தூக்கிய பிறகுதான் இருவருக்கும் நினைவு வந்திருக்கிறது. "ஓடாதுல்ல" என்றாராம் அண்ணன். அவ்வளவுதான். தோட்டத்து லொறி அந்த நேரம் கீழே பழுதாகி நின்றது. வட்டகொடையிலிருந்து ஆட்டோ அந்தக் குண்டும் குழியுமான பாதையில் ஏறி வந்து சேர்ந்து, அண்ணனை உட்கார்ந்தபடியே ஏற்றிக்கொண்டு இறங்கியது. கால் நீட்டிப் படுக்க எத்தனையோ பேருக்கு இடம் கொடுத்தவர், மடங்கி உட்கார்ந்தபடி, அண்ணியின் தோளில் தலை சாய்ந்து, ஆஸ்பத்திரி வாசலைக் காணாமலே போனார். நேரத்தோடு போயிருந்தால் பிழைத்திருப்பாரா? டொக்டரிடம் கேட்டேன். அவர் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையோடு எழுந்து, சமைத்து, பள்ளிக்கூடம் போய், பாடம் நடத்துகிறேன்.

சாவு வீட்டுக்குத் தோட்டமே வந்தது. பக்கத்துத் தோட்டங்கள் வந்தன. தப்பு மேளத்தின் சத்தம் மலையில் பட்டுத் திரும்பியது. அண்ணியின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அப்போது அந்த மனிதரும் வந்தார், இன்னும் இருவரோடு. பெரிய மலர்வளையம். அதை அண்ணனின் காலடியில் வைத்துக் கும்பிட்டார். அண்ணி அழுகையை நிறுத்தி, தலையை உயர்த்தி, அன்று முழுவதும் அவர் தெளிவாகப் பேசிய ஒரே வாக்கியத்தைப் பேசினார்.

"காபரேட்டர் கொண்டு வந்தீங்களா?"

"அக்கா, அதெல்லாம் பிறகு பேசுவம். முதல்ல மனசத் தேத்திக்கொள்ளுங்க" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. எழுந்து பின்னால் போனேன். கொட்டிலில் நின்ற காரின் பக்கவாட்டில் அந்த மனிதர் குனிந்து, கைலேஞ்சியில் சுற்றிய காந்தத்தைத் தடவிக்கொண்டிருந்தார். முன்வாசலில் தப்பு அடிக்கிறது, பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைக்கிறார்கள், இவர் தகரம் எங்கே பூச்சு எங்கே என்று பார்க்கிறார்.

கூட வந்தவர்களில் ஒருவர் கமெராக்காரர். பக்கத்துக் காம்பராவின் சுவரில் தொங்கிய கொழுந்துக் கூடையை எடுத்து, அங்கே நின்ற என் மகளிடம் நீட்டினார்.

"மகள், இதக் கொஞ்சம் தலையில மாட்டிக்கொண்டு கார் பக்கத்துல நில்லுங்களேன். சிரிக்க வேணாம். சும்மா தூரத்தப் பாருங்க."

கீர்த்தனா உயர்தர வகுப்பில் படிக்கிற பிள்ளை. அழுது அழுது அவளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கையில் இழுப்புக்கு உறிஞ்சும் மருந்தை வைத்திருந்தாள். அவரை நிமிர்ந்து பார்த்து, "எங்க பெரிய மாமா அங்க படுத்திருக்காரு" என்றாள். அவர், "ஓம் ஓம், ரெண்டு நிமிஷம்தான்" என்றார்.

அதற்குள் வேலு மாமா வந்துவிட்டார். கூடையை வாங்கினார். விற்பனைக்காரர் சமாளித்துக்கொண்டு, "ஐயா, இது துரைமார் காலத்துக் கார். பங்களாவில ஒரே ஓனர்கிட்ட இருந்தது மாதிரி இருக்கு. இதோட மதிப்பு உங்களுக்கு..." என்று தொடங்கினார்.

"இருந்துச்சுங்க. கொண்ட வச்ச துரை. தெனம் காலையில கூவுவாரு. தொரைசாணிமாரு ஏழெட்டுப் பேரு, பின்சீட்லதான் முட்ட போடுவாங்க" என்றார் மாமா. சுற்றி நின்றவர்களில் யாரோ அந்தத் துக்கத்திலும் சிரித்துவிட்டார்கள். மாமா சிரிக்கவில்லை. கூடையை அந்தக் கமெராக்காரரின் தலையில் கவிழ்த்து, "நீங்க நில்லுங்க, நல்லா இருக்கும்" என்றார். மூவரும் போய்விட்டார்கள்.

போனவர்கள் சும்மா இருக்கவில்லை. எடுத்த படங்கள் இணையத்தில் வந்தன. கீர்த்தனா எனக்கு வாசித்துக் காட்டினாள். தேயிலைத் தோட்டத்துப் பங்களா ஒன்றில் பாதுகாக்கப்பட்ட அரிய பிரித்தானியக் கார், ஒரே உரிமையாளர், மரவேலை அசல், உரிமையாளர் காலமானதால் உடனடி விற்பனை. உரிமையாளர் காலமானார் என்ற ஒன்றைத் தவிர எல்லாம் பொய். அந்த உண்மையையும் விலை பேசத்தான் எழுதியிருந்தார்கள். அண்ணனைக் கொன்றுவிட்டு அண்ணனின் சாவை விளம்பரமாக்கினார்கள் என்று எழுதத்தான் என் மனம் சொல்கிறது. அண்ணி அப்படி எழுத வேண்டாம் என்கிறார். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

கருமாதி முடிந்த மறுநாள் அண்ணி ஹற்றனுக்கு ஆள் அனுப்பினார். நானா கருவிகளோடு வந்தார்.

"நானா, இது ஓடணும்" என்றார் அண்ணி.

"ஜப்பான் வேன் காபரேட்டர் இருக்கு தங்கச்சி, போட ஏலும். ஆனா உசரம் கூட. பொனட்ட வெட்டித் தொளை எடுக்கோணும். அப்படி வெட்டினா பொறகு இந்தப் பழங்கார் பிரியர்மார் ஒருத்தரும் சீண்டமாட்டாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் கூப்பிட்டேன். வெட்டுங்க நானா."

நானா வெட்டினார். துளைக்கு மேல் ஒரு தகர மூடியை வளைத்துப் பொருத்தினார். அழகில்லை, நெற்றியில் கட்டி வந்த மாதிரி இருந்தது. சாவியைத் திருப்பியதும் கார் ஒரு தும்மல் போட்டுவிட்டு ஓடியது. அண்ணி அங்கேயே, ஸ்டீயரிங்கில் தலை வைத்து அழுதார்.

கார் ஓடியது. ஆனால் போன் லைன் கிடைக்கவில்லை. விளம்பரத்தைப் பார்த்தவர்களில் பலர், விற்பனைக்காரரை விட்டுவிட்டு வீட்டிலேயே நேராகப் பேசி மலிவாக முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். பழைய படத்தில் கதவிலிருந்த எண்ணைக் கண்டுபிடித்தார்கள். அவசரத்துக்கு என்று எழுதியதற்குக் கீழே இருந்த எண். ஒருவர் வைக்க அடுத்தவர் அழைப்பார். அண்ணியும் அண்ணனைப் போலவே எல்லாவற்றையும் எடுத்தார்.

பனி இறங்கிய ஒரு பிற்பகல். நாங்கள் இருப்பது கீழ்ப் பிரிவில். கீர்த்தனாவுக்கு இழுப்பு கண்டுவிட்டது. மருந்து உறிஞ்சியும் அடங்கவில்லை. உதடு நிறம் மாறிக்கொண்டு வந்தது. நான் அந்த எண்ணை அழுத்தினேன். லைனில் வேறு யாரோ. மறுபடியும் அழுத்தினேன். மறுபடியும் வேறு யாரோ. பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டு, குறுக்குப் பாதையில் தேயிலைக்குள்ளே ஏறி ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. வாசலை அடைந்தபோது அண்ணி போனைக் காதில் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"விக்கிறதுக்கு இல்லீங்க... இல்லீங்க, வெல பிரச்சினை இல்ல... இது நோயாளி ஏத்துற காருங்க. உங்களுக்கு நெஞ்சு வலியா? யாருக்காச்சும் பிரசவமா? பின்ன ஏன்யா எடுக்கிறீங்க!"

என்னைப் பார்த்ததும் போனை அப்படியே போட்டுவிட்டுச் சாவியை எடுத்தார். கார் போனது, பிள்ளை பிழைத்தாள். ஆனால் அந்த 'வேறு யாரோ' என்கிற சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. யாரோ ஒருவர் தன் வீட்டு முன்னால் நிறுத்தி வைத்து அழகு பார்க்க ஒரு காரை விசாரித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் என் பிள்ளைக்கு மூச்சில்லை. எண்ணை மாற்றிவிடலாம் என்று சொல்லிப் பார்த்தோம். "மலையில எத்தன வீட்டுச் சொவத்துல கரியால எழுதியிருக்கு தெரியுமா? எல்லாத்தையும் யாரு போய் அழிச்சு எழுதறது?" என்று அண்ணி மறுத்துவிட்டார்.

அடுத்த வாரம் விற்பனைக்காரர் வந்தார். இந்த முறை காபரேட்டரோடு. அதைப் பொன்போலத் துலக்கி, நீலத் துணியில் பொதிந்து, கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்தார். ஒரு ரசிகர் வாங்கச் சம்மதித்துவிட்டாராம். இனிப் பேச்சை முடிப்பதுதான் பாக்கியாம். பேசிக்கொண்டே கொட்டிலுக்குள் நுழைந்தவர் பொனட்டைப் பார்த்தார்.

கிட்டே போனார். தகர மூடியைத் தொட்டார். வெட்டிய விளிம்பில் விரலை வைத்துத் தடவினார். பிறகு அப்படியே காரின் முன்னால் குந்தி உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ அக்கா... என்ன அநியாயம் செஞ்சிட்டீங்க. கொன்னுட்டீங்களே!"

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நடிப்பில்லை. அண்ணனின் காலடியில் மலர்வளையம் வைத்தபோது காய்ந்திருந்த அதே கண்கள். நான் வாழ்க்கையில் எத்தனையோ அசிங்கங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணீரைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை.

அண்ணி அவரிடமிருந்து நீலத் துணிப் பொதியை வாங்கி ஓரமாக வைத்தார். உள்ளே போய், ஒரு கோப்பையோடு திரும்பி வந்தார்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. எழவு விசாரிக்க வந்தவங்கள நாங்க சும்மா அனுப்ப மாட்டோம்."

அவர் குடிக்காமல் போனார்.

போனவர் கோபத்தில் எங்களுக்கு ஓர் உபகாரம் செய்தார். வெட்டிய பொனட்டைப் படமெடுத்திருந்தார் போலிருக்கிறது; அதே பக்கத்தில் போட்டு, விபரம் தெரியாதவர்கள் ஓர் அரிய காரைச் சிதைத்துக் கொன்றுவிட்டார்கள் என்று எழுதினார். கீழே ரசிகர்கள் வரிசையாக வந்து துக்கம் தெரிவித்தார்கள். அழும் முகங்கள், கூப்பிய கைகள். ஒருவர் அதற்கு ஆத்ம சாந்தி வேண்டியிருந்தார். கீர்த்தனா வாசிக்க வாசிக்க அண்ணி கேட்டுக்கொண்டிருந்தார். "செத்தது யாருன்னு அவங்களுக்குச் சொல்ல வேணாமா அத்தை?" என்று அவள் கேட்டாள். "வேணாம். அந்த எடத்துல உங்க மாமா பேரு வேணாம்" என்றார் அண்ணி.

அன்று மாலையோடு அழைப்புகள் நின்றன. வீடு அமைதியானது. ஒரு நாள் முழுக்கப் போன் அடிக்கவில்லை. அண்ணி பயந்துபோய் அது வேலை செய்கிறதா என்று என்னை அழைத்துப் பார்க்கச் சொன்னார். மறுநாள் விடிந்ததும் அடித்தது. மேட்டு லயத்தில் ஒரு பெண்ணுக்கு இடுப்பு வலி. அண்ணி சாவியை ஆணியிலிருந்து எடுத்தார்.

அண்ணனின் இறுதி நாட்களிலும் பிறகும் எங்களோடு நின்றவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். மழையில் அந்தப் பாதையில் ஏறி வந்து, கூலி வாங்க மறுத்துவிட்டு எங்களோடு அழுத ஆட்டோ சாரதிக்கும், வேலையை நிறுத்தி வந்து நின்ற தோட்டத்து மக்களுக்கும், தப்பு அடித்த கைகளுக்கும், அண்டாவைக் கொண்டுவந்து சமைத்துப் போட்ட பெண்களுக்கும், வேலு மாமாவுக்கும், இன்றுவரை கூலி என்று ஒன்றைக் கேட்காத ஹற்றன் நானாவுக்கும், என் மகளின் மூச்சைத் திருப்பித் தந்த தாதியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மலர்வளையம் கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி சொல்வது முறை. ஒன்றைத் தவிர மற்ற எல்லா மலர்வளையங்களுக்கும் சொல்கிறேன்.

நீலத் துணிப் பொதி கோழிக்கூட்டின் மேல் இருக்கிறது. கார் கொட்டிலில் இருக்கிறது. அட்டைப் படத்தில் அழித்த எண்ணை இங்கேயும் அச்சிடவில்லை. தேவைப்படுகிறவர்களுக்கு அது தெரியும்.